ஸ்லக் சுடும் ஷாட்கன்னுக்கு எந்த ஸ்கோப் தாங்கும்?

கேள்வி இதுதான். 12 கேஜ் (குழலின் உள்விட்ட அளவு) பம்ப் ஷாட்கன், ஸ்லக் தோட்டா (சிறு ரவைகளுக்குப் பதில் ஒற்றைப் பெரிய குண்டு), மானும் காட்டுப்பன்றியும் இலக்கு, சுடும் தூரம் பெரும்பாலும் 30 முதல் 90 மீட்டர். மேலே இருந்த 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 பவர், அதாவது அத்தனை மடங்கு பெரிதாக்கும்; முன்லென்ஸ் 40 மி.மீ.) ஒரே சீசனில் ஜீரோ தவறிவிட்டது, குறிவைத்த இடத்தில் குண்டு விழுவதில்லை. உதையைத் தாங்கி வருடக்கணக்கில் உழைக்கிற, பவர் குறைந்த ஸ்கோப் ஒன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நேரடியான பதில்: 1.5-4×20 வகை ஸ்கோப், இல்லையென்றால் 2.5 பவரில் நிற்கும் ஃபிக்ஸ்டு ஸ்கோப். எடை 300 கிராமைத் தாண்டக் கூடாது. கண் தூரம் (பின்லென்ஸுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளி) 9 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ரெட்டிகிள், அதாவது உள்ளே தெரியும் குறிக்கோடுகள், தடித்தவையாக இருக்க வேண்டும். ஆனால் இதை வாங்கிப் பழைய மவுண்ட்டிலேயே (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் தாங்கி) மாட்டினால், அடுத்த சீசனிலும் இதே கேள்வியைக் கேட்பீர்கள். ஷாட்கன்னில் ஜீரோ தவறியது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது மவுண்ட்டை, அடுத்து குழலை, மூன்றாவதாகத்தான் ஸ்கோப்பை. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் உதையின் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு அவுன்ஸ் ஸ்லக்கை விநாடிக்கு 1600 அடி வேகத்தில் அனுப்பும் 12 கேஜ் தோட்டா, மூன்றரைக் கிலோ துப்பாக்கியைச் சுமார் 40 ஜூல் ஆற்றலுடன் பின்னால் தள்ளும். அதே அளவு எடையுள்ள .30-06 ரைஃபிளில் இது 27 ஜூல் பக்கம்தான். வான்கோழி வேட்டைக்கான மேக்னம் ரவைத் தோட்டாக்கள் 60 ஜூலையும் தாண்டிப் போகும். ஆக, ரைஃபிளில் பத்து வருடம் நின்ற ஸ்கோப் ஷாட்கன்னிலும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த உதை ஸ்கோப்பை எங்கே அடிக்கிறது என்று புரிந்தால் தேர்வு எளிதாகிவிடும். ஸ்லக் குழலுக்குள் இருப்பது ஏறத்தாழ 3 மில்லி விநாடி. அதற்குள் துப்பாக்கி அசையா நிலையிலிருந்து விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தைப் பிடித்துவிடுகிறது. அதாவது ஸ்கோப்பின் மேல் புவியீர்ப்பைப்போல் 170 மடங்கு முடுக்கம், அதுவும் சராசரிதான். உச்சத்தில் இன்னும் அதிகம். 300 கிராம் ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகள் அதை இழுத்துக்கொண்டு போக ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 600 கிராம் ஸ்கோப் என்றால் அந்த விசை 100 கிலோவைத் தொடும். ஒவ்வொரு வெடிக்கும் இதுதான் நடக்கிறது. ரிங்கின் பிடி, மவுண்ட்டின் திருகு, ரிசீவரில் (குழலுக்குப் பின்னால் இயங்கு பாகங்கள் உள்ள உடல்) வெட்டிய மரை எல்லாமே இதைச் சுமக்கின்றன. எனவே ஷாட்கன்னில் எடை குறைவு என்பது தூக்கிச் சுமக்கிற வசதி மட்டுமல்ல, உறுதிக்கான முதல் நிபந்தனையே அதுதான். 'கனமாக இருக்கிறது, அப்படியானால் திடமாக இருக்கும்' என்று கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்வது இங்கே நேர் எதிரான பலனைத் தரும்.

ஸ்கோப்பின் உள்ளே போனால், அங்கே இன்னொரு சிறு டியூப் இருக்கிறது. படத்தை நேராக்கும் லென்ஸ்கள் அதற்குள்தான் உள்ளன, எரெக்டர் என்பார்கள். அதன் பின்முனை ஒரு மூட்டில் அசையும்படி நிற்கும். முன்பகுதியை மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு திருகுகள் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் அதை அந்தத் திருகுகளோடு அழுத்தி வைத்திருக்கும். நீங்கள் வெளியே டரெட்டை, அதாவது அந்தத் திருகுகளின் குமிழை, திருப்பும்போது நகர்வது இந்தச் சிறு டியூப்தான். உங்கள் ஜீரோ முழுவதும் அந்த ஸ்பிரிங்கின் தயவில் நிற்கிறது. மலிவான ஸ்கோப்பில் ஸ்பிரிங் பலவீனமாக இருக்கும். உதையில் எரெக்டர் துள்ளி, திரும்பி வந்து உட்காரும்போது அரை மயிரிழை தள்ளி உட்காரும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தள்ளல் 80 மீட்டரில் சில சென்டிமீட்டர் ஆகிவிடும். பவர் மாற்றும் ஸ்கோப்பில் இதோடு, லென்ஸ்களை முன்பின் நகர்த்தும் காடி வெட்டிய உறையும் சேர்கிறது. அந்தக் காடியில் சிறிது ஆட்டம் இருந்தாலும் உதை அதைப் பெரிதாக்கும். ஃபிக்ஸ்டு பவரில் அந்த உறுப்பே கிடையாது. உடைய வாய்ப்புள்ள பாகம் ஒன்று குறைகிறது, எடையும் குறைகிறது.

இந்த ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டரெட்டை ஒரு பக்கம் சில கிளிக் திருப்பிச் சுடுங்கள். முதல் குண்டு பழைய இடத்திலேயே விழுந்து, இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் புதிய இடத்துக்கு வந்தால், திருகு நகர்ந்தும் எரெக்டர் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, உதைதான் அதைத் தட்டி நகர்த்தியிருக்கிறது என்று பொருள். அந்த ஸ்கோப்பை ஷாட்கன்னில் வைத்திருக்க வேண்டாம். அதேபோல், ஜீரோ செய்ய டரெட்டைக் கிட்டத்தட்ட கடைசி எல்லை வரை திருப்ப வேண்டியிருந்தால் அப்படியே விட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங் மிகவும் விரிந்து அழுத்தம் குறைந்த நிலையில் நிற்கிறதாக இருக்கலாம். மவுண்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் அதுவே அறிகுறி.

ரெட்டிகிள் இரண்டு விதமாகச் செய்யப்படுகிறது. மெல்லிய கம்பியாலோ உலோகத் தகட்டாலோ ஆனது ஒன்று, கண்ணாடியில் பொறித்தது இன்னொன்று. நல்ல நிறுவனங்களின் கம்பி ரெட்டிகிள் நீண்ட காலம் தாங்கியிருக்கிறது. மலிவான ஸ்கோப்பில் அது உதையில் அறுந்து தொங்குவதும் உண்டு. தெரியாத பிராண்டு என்றால் கண்ணாடியில் பொறித்ததே மேல். வடிவம் எதுவானாலும், ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த டூப்ளெக்ஸ் போதும். அதிகாலையிலும் அந்திவேளையிலும் புதருக்குள் நிற்கிற கறுத்த உடம்பின் மேல் மெல்லிய கோடு காணாமலே போய்விடும். தடித்த கோடு கண்ணைத் தானாக நடுவுக்கு இழுக்கும். ஒளிரும் புள்ளி இருந்தால் நல்லது, ஆனால் பேட்டரி தீர்ந்த பிறகும் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிகிறதா என்று அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் குவியத் தளத்தில் ரெட்டிகிள் வைத்த ஸ்கோப்புகள் இப்போது பிரபலம். அவற்றில் பவரைக் குறைத்தால் கோடும் சுருங்கும். ஷாட்கன் ஸ்கோப் பெரும்பாலும் குறைந்த பவரிலேயே நிற்கும் என்பதால் அந்த வகை இங்கே பொருந்தாது.

சரி, பவர் எவ்வளவு வேண்டும்? ஸ்லக் எவ்வளவு தூரம் நம்பகமாகப் போகும் என்பதே இதைத் தீர்மானிக்கிறது. உள்ளே வழவழப்பான குழலில், அதற்கென்றே செய்த ஃபாஸ்டர் வகை ஸ்லக் சுடுகிறீர்கள் என்றால் நியாயமான எல்லை 50 முதல் 75 மீட்டர். 50 மீட்டரில் ஜீரோ வைத்த ஃபாஸ்டர் ஸ்லக் 100 மீட்டர் போவதற்குள் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகக் கீழே இறங்கிவிடும். குண்டுகள் விழும் வட்டமும் அகலமாகிவிடும். அங்கே 9 பவர் வைத்துப் பார்த்தால் மானின் ரோமம் தெரியும், ஸ்லக் போகும் இடம் மாறாது. உள்ளே சுருள் காடி வெட்டிய ரைஃபிள்டு குழலும், பிளாஸ்டிக் உறைக்குள் வரும் சாபோ ஸ்லக்கும் என்றால் 100, 120 மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். அதற்கு 4 பவர் தாராளம். கிராமப்புறமும் குடியிருப்பும் நெருங்கியிருக்கும் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் மான் வேட்டைக்கு ரைஃபிளை அனுமதிக்காமல் ஷாட்கன்னை மட்டும் அனுமதித்து வந்தார்கள். இந்தச் சாபோ ஸ்லக்கும் ரைஃபிள்டு குழலும் ஷாட்கன் ஸ்கோப்பும் வளர்ந்ததற்கு அந்தச் சட்டங்களும் ஒரு முக்கியக் காரணம்.

குறைந்த பவரின் உண்மையான பலன் பார்வைப் பரப்பு. 1.5 பவரில் 100 மீட்டர் தூரத்தில் 20 மீட்டருக்கு மேல் அகலம் தெரியும். 9 பவரில் அது 4, 5 மீட்டராகச் சுருங்கும். 30 மீட்டரில் ஓடுகிற பன்றியை அந்தச் சிறு வட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தால் அது போயே போய்விடும். பவரைக் குறைத்தால் முன்லென்ஸும் சிறியதாக இருக்கலாம். முன்லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 20 மி.மீ. லென்ஸ், 2.5 பவர் என்றால் 8 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி விரிவதே சுமார் 7 மி.மீ.தான், வயதானால் இன்னும் குறைவு. அதாவது இந்தப் பவரில் 20 மி.மீ. லென்ஸ் தருவதற்கு மேல் உங்கள் கண்ணால் வாங்கவே முடியாது. 40, 50 மி.மீ. லென்ஸ் வெறும் எடைதான். ஸ்கோப்பை உயரமாகவும் மாட்ட வேண்டிவரும். 20 மி.மீ. ஸ்கோப்பின் முன்பகுதி வீங்காமல் நேர் டியூப்பாகவே இருப்பதால், ரிங்கை வசதியான இடத்தில் வைத்துக் குழலுக்கு ஒட்டினாற்போல் தாழ்வாக மாட்டலாம்.

இடமாறு தோற்றப் பிழையைப் பற்றி, அதாவது கண் நடுவைவிட்டு விலகினால் ரெட்டிகிள் இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிவதைப் பற்றி, நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். ரைஃபிள் ஸ்கோப்பில் அது 100 அல்லது 150 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், ஷாட்கன் ஸ்கோப் என்று விற்பதில் 50 அல்லது 75 கெஜத்துக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 கெஜத்துக்குச் சரிசெய்த 20 மி.மீ. ஸ்கோப்பில் 50 கெஜ இலக்கைப் பார்க்கும்போது, கண் ஓரத்துக்கே போனாலும் பிழை அரை சென்டிமீட்டர்தான். ஸ்லக்கின் இயல்பான சிதறலுக்கு முன் அது ஒன்றுமே இல்லை. 'ஷாட்கன்' என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் நல்லது. அந்த ஒரு காரணத்துக்காக மோசமான ஸ்கோப்பை வாங்கவும் வேண்டாம், நல்ல ஸ்கோப்பை ஒதுக்கவும் வேண்டாம்.

கண் தூரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்லென்ஸுக்கும் கண்ணுக்கும் இடையில் முழுப் படமும் தெரிகிற இடைவெளி 9 செ.மீ. இருக்க வேண்டும், 10 என்றால் இன்னும் நல்லது. பவரைக் கூட்டினால் இந்த இடைவெளி சில ஸ்கோப்புகளில் 7 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். தகவல் தாளில் இரண்டு எண் கொடுத்திருந்தால் சிறிய எண்ணைப் பாருங்கள். உட்கார்ந்தோ மேட்டை நோக்கியோ சுடும்போது தலை தானாக முன்னே நகரும். ஸ்கோப்பின் பின்விளிம்பு புருவத்தைக் கிழிப்பது அப்போதுதான்.

நீர் புகாமை, நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்புதல், ஒரே அலுமினியத் துண்டில் கடைந்த டியூப் எல்லாம் இப்போது நடுத்தர ஸ்கோப்பிலேயே கிடைத்துவிடும். சோதித்துப் பார்க்க விரும்பினால் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் அமிழ்த்துங்கள். டரெட் மூடியின் மரையில் தங்கிய காற்று ஆரம்பத்தில் சிறிது வெளிவரும். குமிழ் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 30 மி.மீ. டியூப் 25.4 மி.மீ. டியூப்பைவிட விறைப்பானது என்பது உண்மை, ஆனால் இந்தப் பவருக்கு அந்தக் கூடுதல் விறைப்பு தேவைப்படாது, எடைதான் ஏறும்.

இனி மவுண்ட். உங்கள் பம்ப் ஷாட்கன்னில் குழல் ரிசீவரோடு நிரந்தரமாக இணைந்தது அல்ல. சுத்தம் செய்ய எளிதாகக் கழற்றும்படி செருகி, முன்னால் மேகசின் (தோட்டாக்கள் அடுக்கும் குழாய்) மூடியால் இறுக்கியது. செருகும் இடத்தில் சிறிது ஆட்டம் இருக்கும். ஸ்கோப்பை ரிசீவரில் மாட்டினால், ஸ்கோப் ஒரு துண்டோடும் குழல் இன்னொரு துண்டோடும் இருக்கின்றன. ஒவ்வொரு உதைக்கும் இரண்டும் சற்றே இடம் மாறும். குழலைக் கழற்றி மாட்டினால் கேட்கவே வேண்டாம். இதற்கு முறையான தீர்வு கேன்டிலீவர் குழல். மவுண்ட் குழலிலேயே பற்றவைக்கப்பட்டு ரிசீவரின் மேலாகப் பின்னால் நீண்டிருக்கும். குழல் அசைந்தால் ஸ்கோப்பும் கூடவே அசையும். இரண்டுக்கும் உள்ள உறவு மாறாது. குழலைக் கழற்றி வேறு ரவைக் குழல் போட்டுச் சுட்டுவிட்டு மறுபடி மாட்டினாலும் ஜீரோ கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை எடுத்துக் கேன்டிலீவர் குழலுக்குப் போட்டுவிட்டு, மீதியில் எளிமையான ஃபிக்ஸ்டு ஸ்கோப் வாங்கச் சொன்னால் தயங்காமல் செய்யுங்கள். விலையுயர்ந்த ஸ்கோப்பும் ஆடுகிற குழலும் சேர்ந்ததைவிட அந்த ஜோடி நிச்சயமாக நன்றாகச் சுடும்.

சேவேஜ் 220 போன்ற போல்ட் ஆக்‌ஷன் ஸ்லக் துப்பாக்கிகளில் குழல் ரிசீவரில் மரையிட்டு இறுக்கப்பட்டிருப்பதால் இந்தப் பிரச்சினையே எழாது. பழைய பிரவுனிங் ஆட்டோ-5 போல ஒவ்வொரு வெடிக்கும் குழலே பின்னால் ஓடிவரும் துப்பாக்கியில் கேன்டிலீவர் சரிப்படாது.

ரிசீவரில்தான் மாட்டியாக வேண்டும் என்றால், அது எஃகா அலுமினியமா என்று பாருங்கள். ரெமிங்டன் 870-இன் ரிசீவர் எஃகு. மாஸ்பெர்க் 500-இல் அலுமினியக் கலவை. அலுமினியத்தில் வெட்டிய மரை எளிதில் தேயும், அதிகம் இறுக்கினால் உரிந்தே வந்துவிடும். டிரிக்கர் பகுதியின் பின்களை எடுத்துவிட்டு அந்தத் துளை வழியாகவே பிடிக்கும் சேணம் போன்ற மவுண்ட்டுகளும் விற்கின்றன. துளையிடாமல் மாட்டலாம் என்பது அவற்றின் வசதி. ஆனால் உதையின் சுமை முழுவதும் இரண்டு மெல்லிய துளைகளில் விழுகிறது, நாளடைவில் ஆட்டம் வந்துவிடுகிறது. ஸ்லக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெனெல்லி போன்ற இனர்ஷியா முறைத் தானியங்கியில் இன்னொரு கவனம் வேண்டும்: துப்பாக்கி பின்னால் நகர்வதால்தான் அது இயங்குகிறது. கனமான ஸ்கோப்பும் மவுண்ட்டும் ஏற்றினால் அந்த நகர்வு குறைந்து, லேசான தோட்டாவில் அடுத்த தோட்டா ஏறாமல் போகலாம்.

மாட்டும் முறையும் ஸ்கோப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும். துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திருகு, துளை இரண்டிலும் உள்ள எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு, மரைப்பசையில் நீல வகையை மட்டும் ஒரு சொட்டு விடுங்கள்; சிவப்பு போட்டால் சூடாக்காமல் கழற்ற முடியாது. ரிங்கின் குறுக்குக் கட்டையை ரெயிலின் (மவுண்ட்டின் மேல் உள்ள காடிகள் வெட்டிய பட்டை) காடியில் குழல்முனைப் பக்கமாகத் தள்ளி முட்டவைத்துக்கொண்டே இறுக்க வேண்டும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் முன்னால் போகப் பார்க்கும். முன்கூட்டியே முட்டியிருந்தால் போக இடமிருக்காது. ரிங் மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 2 நியூட்டன் மீட்டர் போதும். அதைத் தாண்டினால் டியூப் நசுங்கி, உள்ளே எரெக்டரின் அசைவையே கெடுக்கும். 'கை வலிக்கிற வரை இறுக்கு' என்பது ஸ்கோப்பைக் கொல்லும் அறிவுரை. அளவு காட்டும் முறுக்கு ஸ்குரூடிரைவர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள்.

கன்னத்தையும் மறக்க வேண்டாம். ஷாட்கன்னின் கட்டை, குழலின் மேல்விளிம்பை ஒட்டிப் பார்க்கத் தோதாகத் தாழ்வாகச் செய்யப்பட்டது. ஸ்கோப் வந்தபின் கண் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர வேண்டும். கன்னம் கட்டையைவிட்டு எழும்பிவிடும். தாடையைத் தொட்டுக்கொண்டு சுடுகிறவரின் குண்டுகள் ஒரு வட்டத்துக்குள் வராது, உதையும் முகத்தில் விழும். தாழ்வான ரிங் போட்டு, கட்டையின் மேல் பட்டையால் கட்டும் ஒரு திண்டு சேர்த்தால் சரியாகிவிடும்.

பெயர் சொல்லிக் கேட்டால், லியூபோல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம் 1.5-4×20 இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். எடை குறைவு, கண் தூரம் தாராளம். அதே நிறுவனத்தின் பழைய ஃபிக்ஸ்டு 2.5×20 சுமார் 185 கிராம்தான். நல்ல நிலையில் பழையது கிடைத்தால் விடாதீர்கள். டிரிஜிகானின் அக்யூபாயின்ட் 1-4×24 பேட்டரியே இல்லாமல் ஒளிரும், கனமும் விலையும் கூடுதல். நிக்கான் ஸ்லக்ஹன்டர் நல்ல ஸ்கோப்பாக இருந்தது, ஆனால் நிக்கான் ரைஃபிள் ஸ்கோப் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழையதை வாங்குவதானால் அதை மனதில் வைத்து வாங்குங்கள். உங்கள் சூடுகள் எல்லாம் 50 மீட்டருக்குள் என்றால், 100 கிராம் அளவுள்ள மூடிய வகை ரெட் டாட்டே (பெரிதாக்காமல் ஒளிப் புள்ளியால் குறிகாட்டும் கருவி) போதும். கண் தூரக் கவலையே இல்லை. கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் (விழியின் வளைவுக் குறைபாடு) இருப்பவர்களுக்கு மட்டும் அந்தப் புள்ளி நட்சத்திரம்போல் சிதறித் தெரியும், அவர்களுக்கு ஸ்கோப்தான்.

ஆனால் எதையும் வாங்குவதற்கு முன், இப்போதுள்ள துப்பாக்கியில் மேகசின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, குழலைப் பிடித்து அசைத்தால் ஆடுகிறதா, மவுண்ட்டின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் இறுக்கி, ஒரே பெட்டித் தோட்டாவால், குழல் ஆற நேரம் விட்டு, மும்மூன்று குண்டாக மூன்று முறை சுடுங்கள். மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் உங்கள் 3-9×40 பிழைத்துக்கொண்டது. குறைந்த பவரில் வைத்து இந்தச் சீசனை ஓட்டலாம். இடம் மாறி மாறி விழுந்தால், வேறு துப்பாக்கியில் நன்றாக நின்ற ஒரு ஸ்கோப்பை இதில் மாட்டி அதையே திரும்பச் செய்யுங்கள். அதுவும் அலைந்தால் கேன்டிலீவர் குழல் வாங்குங்கள், அந்த ஸ்கோப் ஒரே இடத்தில் நின்றால் உங்கள் பழைய ஸ்கோப்பை மாற்றுங்கள்.

புதியதை மாட்டியபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ரிங் வரை ஒரு மெல்லிய வண்ணக்கோடு இழுத்துவிடுங்கள். முதல் 20 ஸ்லக்குக்குப் பிறகு கோடு முறிந்திருந்தால் அந்தத் திருகைக் கழற்றித் துடைத்து, மரைப்பசையோடு மறுபடி இறுக்கி, ஜீரோவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.